நீல நாற்காலிக்கு ஒரு கால்

"வீட்டுல வச்சே வெல்டிங் பண்ணணும்னா என்னென்ன வேணும்மா?"

கேட்டவர் நாகமாணிக்கம். தையல்காரர். அறுபதைத் தாண்டியவர்.

"எதை ஒட்டப் போறீங்கண்ணே?" என்று திருப்பிக் கேட்டார் எஸ்தர்.

இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது. சீடரைவிட ஒரு தலைமுறை இளையவர், பெண். ஆசிரமம் என்பது திண்டுக்கல் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஒரு தகரக் கொட்டகை. கேட், கிரில், கிணற்று மூடி எல்லாம் அங்கே பிறக்கும். சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள் அங்கிருந்து ஞானத்தோடு அல்ல, கண் எரிச்சலோடுதான் திரும்புவார்கள்.

"சும்மா, ஒரு நாற்காலி. கால் விட்டுப்போச்சு."

"இங்க கொண்டாங்க. டீ ஆறுறதுக்குள்ள ஒட்டித் தர்றேன்."

"இல்லம்மா. நானே ஒட்டணும்."

எஸ்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெஷின் இருக்கா?"

"வாங்கிட்டேன். சின்னது. உருக்கி ஒட்டுற ராடும் ஒரு பாக்கெட் வாங்கியிருக்கேன். கறுப்புக் கண்ணாடி வச்ச ஹெல்மெட்டும் கொடுத்தாங்க."

"நீங்க போட்டிருக்கிற சட்டை என்ன துணி?"

நாகமாணிக்கத்துக்குச் சிரிப்பு வந்தது. வாழ்நாள் முழுக்க அவர் மற்றவர்களைக் கேட்ட கேள்வி அது. குனிந்து தன் சட்டைக் கையை விரலால் தடவிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"பாதிக்குப் பாதி பாலியஸ்டர். பொறி விழுந்தா உருகித் தோலோட ஒட்டிக்கும்."

"நாளைக்கு வாங்கண்ணே" என்றார் எஸ்தர்.

மறுநாள் அவர் கெட்டியான பருத்தித் துணியில் முழுக்கைச் சட்டை போட்டு வந்தார். காலில் தோல் செருப்பு.

"பாக்கெட் வைக்காமத் தச்சேன். பொறி உள்ள விழுந்து உட்காந்துக்கக் கூடாதுல்ல."

"சட்டைக்குப் பாஸ். செருப்புக்கு ஃபெயில்" என்ற எஸ்தர், தன் கொட்டகையிலிருந்த பழைய தோல் பூட்ஸை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டை முகத்துக்கு இறக்கினார் நாகமாணிக்கம். உலகமே இருட்டிப்போனது.

"ஒண்ணும் தெரியலையேம்மா."

"பத்த வைங்க. தெரியும்."

துண்டு இரும்பில் ராடை உரசினார். ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தார். மறுபடி உரசினார். மறுபடி ஒட்டிக்கொண்டது. பயந்து கையைத் தூக்கினார். வெளிச்சம் அணைந்துபோனது.

"மெஷின்ல கோளாறா?"

"மெஷின் என்ன பண்ணும் பாவம். அழுத்தினா ஒட்டிக்கும். விலகினா அணைஞ்சிரும்."

"அப்ப எங்கதான் பிடிக்கிறது?"

"அதை யாரும் சொல்லித் தர முடியாதுண்ணே. கைக்கே தெரியணும்."

கைக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. தையலை மதியத்தோடு நிறுத்திவிட்டு அவர் தினமும் வந்தார். வெளிச்சத்தைப் பார்க்காமல் அதன் கீழே உருகி ஓடும் இரும்பைப் பார்க்கக் கற்றார். ஈரத் தரையில் நிற்கக் கூடாது, பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் உடனே போய்விடாமல் எங்காவது பொறி கனல்கிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பழகிப்போனது.

நாற்காலியைப் பற்றி எஸ்தர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒரு நாள் அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார், முகம் வீங்கி, தொண்டை கட்டி.

"நான் வாங்கின மெஷின் சரியில்லம்மா. படபடன்னு வெடிக்குது. பிடிக்கவே மாட்டேங்குது. ஒரே புகை. ராத்திரியெல்லாம் குளிர் காய்ச்சல்."

"எங்க வச்சுப் பண்ணுனீங்க?"

"அடுப்படியில."

"ஜன்னல்?"

"சாத்திட்டேன். அக்கம்பக்கத்துல பார்த்தா என்ன ஏதுன்னு கேப்பாங்கள்ல."

"சிலிண்டர் எங்க இருந்துச்சு?"

"அங்கேயேதாம்மா."

எஸ்தர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வந்து அந்தக் கொட்டகை அதுவரை பார்த்ததில்லை.

"சாகணும்னு முடிவு பண்ணியிருந்தா தாராளமாச் சாவுங்க. ஆனா யார்கிட்ட வெல்டிங் கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா என் பேரைச் சொல்லாதீங்க."

நாகமாணிக்கம் குனிந்தபடி நின்றார். சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்.

"அது பவளத்தோட நாற்காலிம்மா" என்றார்.

பவளம் அவர் மனைவி. இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

"அவளே பெயிண்ட் அடிச்சது. ஜன்னலுக்கு வாங்கினதுல மிச்சம் இருந்த நீலம். காஞ்சிருச்சான்னு பெருவிரலை வச்சுப் பார்த்திருக்கா. காயல. ரேகை அப்படியே பதிஞ்சுபோச்சு. அன்னைக்கு அதைச் சொல்லி அவளைக் கேலி பண்ணினேன். இப்ப அவ விரல்னு வீட்டுல இருக்கிறது அது ஒண்ணுதான்."

"கால் எப்ப விட்டுச்சு?"

"கேஸ்காரத் தம்பி தெரியாம அதுமேல சிலிண்டரைத் தூக்கி வச்சுட்டான்."

"ரேகை எங்க இருக்கு?"

"கால் சேர்ற இடத்துல. சரியா அதே இடத்துல."



"முதல்ல டாக்டர்கிட்ட நெஞ்சைக் காட்டுங்க" என்றார் எஸ்தர். "அப்புறம் நாற்காலியைக் கொண்டாங்க."

சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்தார். நாற்காலிக்கு அடியில், அவர் வீட்டில் முயன்ற இடத்தில், பெயிண்ட் கருகிப் பொரிந்திருந்தது. மேலே ரேகை பத்திரமாக இருந்தது. எஸ்தர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். ஒரு பெண்ணின் சின்னப் பெருவிரல். ஓரத்தில் ஒரு வெட்டுக் காயத்தின் கோடு.

"பெயிண்ட் மேல இரும்பு பிடிக்காதுண்ணே. சுரண்டித்தான் ஆகணும். பழைய பெயிண்ட் எரிஞ்சா அந்தப் புகை விஷம். அதைத்தான் நீங்க ராத்திரி முழுக்கக் குடிச்சிருக்கீங்க."

"அடியில மட்டும் சுரண்டி, அடியிலேர்ந்து போட்டா?"

"சூடு மேல வரும். கொப்புளம் கட்டி உரிஞ்சிரும்."

"ஈரத் துணி சுத்தி வச்சா?"

"ஈரத்தோட கரண்டு விளையாடக் கூடாதுண்ணே."

"மெதுவா, கொஞ்சங் கொஞ்சமா..."

"போயிரும்ணே."

"வேற வழியே இல்லையாம்மா?"

"இருக்கு."

நாகமாணிக்கம் நிமிர்ந்தார்.

எஸ்தர் நாற்காலியைத் தூக்கிப்போய்ச் சுவரில் சாய்த்து வைத்தார். முன்னங்கால் இல்லாததே தெரியாத மாதிரி அது நின்றது.

"இப்படியே வச்சுக்கலாம். பார்க்கிறதுக்கு மூணு கால் போதும்."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. நாற்காலியைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் அதைச் சுவரில் சாய்த்து வைத்தார். வருகிறவர்களிடம் "அதைத் தொட்டுராதீங்க" என்றார். பால்காரம்மாவிடம் சொன்னார். அளவு கொடுக்க வந்தவர்களிடம் சொன்னார். யாராவது அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாலே அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினார். அதன் அடியில் தூசி சேர்ந்தது. பவளம் இருந்திருந்தால் அந்தத் தூசிக்கே ஒரு பாட்டு விட்டிருப்பாள்.

ஒரு காலையில் நாற்காலியோடு வந்து கொட்டகை வாசலில் நின்றார். பருத்திச் சட்டை போட்டிருந்தார்.

எஸ்தர் வெளியே திறந்த இடத்தில் காய்ந்த பலகை ஒன்றைப் போட்டார். மூக்குக்கு மாஸ்க்கும் கண்ணுக்குக் கண்ணாடியும் எடுத்துக் கொடுத்தார்.

"தண்ணி தொட்டுச் சுரண்டுங்க. தூசி பறக்கக் கூடாது."

நாகமாணிக்கம் கையுறையைக் கழற்றினார். தன் பெருவிரலை அந்த ரேகையின் மேல் வைத்தார். அவர் விரல் பெரிது, அது முழுவதும் மறைந்துபோனது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தார்.

நீலம் குழம்பாக வழிந்தது. அதைப் பழைய துணியால் துடைத்து எடுத்தார். வெள்ளையாக இரும்பு தெரிந்தது. அந்தத் துணியை நான்காக மடித்துப் பையில் வைக்கப் போனார்.

"விஷம்ணே" என்று எஸ்தர் கையை நீட்டினார்.

அவர் கொடுக்கவில்லை. எஸ்தரும் கையை எடுக்கவில்லை. கடைசியில் கொடுத்தார். அது குப்பைத் தகரத்துக்குள் போனது.

ஈரம் காயும்வரை இருவரும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவரே பலகையை நகர்த்தினார், காலை நிறுத்தினார், சுத்தமான இரும்பில் மெஷினிலிருந்து வரும் எர்த்துக் கவ்வியை மாட்டினார், ஹெல்மெட்டை இறக்கினார். வெளிச்சம் பூத்தது.

பாதியில் அணைந்தது.

"என்னண்ணே?"

"கண்ணாடி மங்கிருச்சும்மா."

ஹெல்மெட்டுக்குள் அழுவது சுலபம், வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் வேலை நடக்காது.

"கண்ணு மறைச்சா நிறுத்திரணும். துடைச்சுட்டுப் போடுங்க. இன்னைக்கு வேற வேலை இல்ல எனக்கு" என்று எஸ்தர் பொய் சொன்னார். வாசலில் ஒரு கேட்டும் இரண்டு கிரில்லும் காத்துக்கொண்டிருந்தன.

நாலைந்து முறை நின்று நின்று வேலை முடிந்தது. மேலே படிந்திருந்த கசட்டைத் தட்டி எடுத்தார்கள். உள்ளே மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. எஸ்தர் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி போட்டார். நாகமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படிம்மா இருக்கு?"

"அழகா இல்ல. ஆனா விடாது."

"இனி என்ன பண்ணணும்?"

"துருப் பிடிக்காம ரெட் ஆக்சைடு அடிங்க. காஞ்சதும் முன்னாடி எங்க கிடந்துச்சோ அங்கேயே போட்டு உட்காருங்க."

"நான் அதுல உட்கார்ந்ததே இல்லையேம்மா."

"அதான் சொல்றேன்" என்றபடி எஸ்தர் தன் ஹெல்மெட்டை இறக்கிக்கொண்டார். கேட்டின் மேல் வெளிச்சம் எரிய ஆரம்பித்தது. இனி அவருக்கு ஒரு வார்த்தையும் கேட்காது.

நாற்காலி முன்பு கிடந்த இடம் அடுப்படி நிலைப்படி. காய் நறுக்குவது, அரிசி புடைப்பது, குழம்பு கொதிக்கும்வரை சும்மா இருப்பது எல்லாம் பவளத்துக்கு அங்கேதான். "காத்து வராத இடத்துல ஏன் உட்கார்ந்திருக்கே?" என்று அவர் பலமுறை கேட்டிருக்கிறார். அவள் பதில் சொன்னதில்லை.

அங்கே போட்டார். கையை ஊன்றி, பயந்து பயந்து உட்கார்ந்தார். கால் அசையவில்லை. முழு எடையையும் விட்டார். தாங்கியது.

நிமிர்ந்தார்.

நேர் எதிரே முன்னறை தெரிந்தது. தெருவைப் பார்த்த ஜன்னல், ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், அதன் முன்னால் அவர் ஸ்டூல். ஸ்டூலின் பின்பக்கம்.

அதில் உட்கார்ந்திருப்பவரின் முதுகுதான் இங்கிருந்து தெரியும். வேறு எதுவும் தெரியாது.

ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவரின் காலர் பின்னால் நைந்துபோனதை எப்போதும் பவளம்தான் முதலில் சொல்வாள். தோள் தையல் விட்டிருந்தால் அவள்தான் சொல்வாள். கழுத்தில் வேர்க்குரு வந்தாலும் அவள்தான். இவளுக்கு எப்படித் தெரிகிறது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.



பிறகு அவர் எழுந்து முன்னறைக்குப் போனார். தையல் மெஷினை இரண்டு கையாலும் பிடித்து, தரை கீற இழுத்து, திருப்பிப் போட்டார். ஸ்டூலைச் சுற்றி எடுத்து வந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் போதவில்லை. நாற்காலி நன்றாகத் தெரிந்தது.