தங்கம் தொட்ட கை

அரங்கமே குழம்பிப்போய் நின்றது. சர்வதேசப் போட்டி, ஆண்கள் மார்பு நீச்சல். முதலில் சுவரைத் தொட்ட சாம்பியனுக்குத் தங்கம் இல்லையாம்! இரண்டு கையும் சேர்ந்து தொடவேண்டும், இவன் ஒற்றைக் கையால் தொட்டான் என்று சொல்லிவிட்டாள் நடுவர் ஜெபமணி.

சாம்பியனின் மேலாளர் எகிறினார். “கண்ணு தெரியாதவளை யாருய்யா நடுவராக்கினது? நிரூபி, இல்லேன்னா வீட்டுக்குப் போ!”

ஜெபமணி திருதிருவென்று விழித்தாள். “எனக்கும் இப்போ குழப்பமாத்தான் இருக்கு சார். தண்ணி வேற தெறிச்சுதா... அவர் தொட்டதை நீங்க படம் பிடிச்சீங்களாமே?”

“தொட்ட அதே நொடி! உலகம் பூரா அனுப்பிட்டேன்!” போனை அவள் கையில் திணித்தார்.

“அடேயப்பா, என்ன கம்பீரம்! ஒரு கை சுவத்துல இருக்கு. இன்னொண்ணு எங்க சார்?”

“ஜெயிச்ச குஷியில மேல தூக்கியிருக்கான், தெரியல?”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார், இரண்டு கையும் சேர்த்து.