முதல் குடம்

ஒரு பரிசுக்கு மூன்று பேர் உரிமை கேட்கும் கதைகளை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இந்தக் கதையில் மூன்று பேர் கேட்டது ஒரு பழியை. அதை யாருக்குக் கொடுப்பது என்று கடைசியில் கேட்பேன்.

ஆறு ஓடும் ஊர்தான். இருந்தாலும் கீரைக்காரத் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர், அதுவும் முக்கால் மணி நேரம். பதினேழு வீட்டுக்கு ஒரே தெருக்குழாய். தண்ணீர்க் குழாய் தெருமுனைச் சாக்கடைக்கு அடியில் புகுந்து உள்ளே வருகிறது.

குடங்களை வரிசையில் வைப்பது பேச்சித்தாயின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவள் குரல் வாங்கிக் கொடுத்தது. முதல் இடமும் அவளுடையதாகவே இருந்தது. எதிர்வீட்டு முப்பிடாதி பேறு முடிந்து, தாய்வீட்டிலிருந்து மாசி மாதம் கைக்குழந்தையோடு திரும்பினாள். அன்று பேச்சித்தாய் தன் குடத்தைத் தூக்கி இரண்டாவதாக வைத்தாள்.

"பச்சப்பிள்ளைக்காரி முதல்ல பிடிக்கட்டும். எவளாவது மூஞ்சியச் சுளிச்சியோ, குடம் சாக்கடையில கெடக்கும்."

ஒருத்தியும் சுளிக்கவில்லை. முப்பிடாதி அந்த முதல் குடத்தைத் தனியாக மூடி, குழந்தைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டாள். கொதிக்க வைத்து, ஆற வைத்து, பிறகுதான் கொடுப்பாள்.

தண்ணீர் திறந்துவிடுகிறவர் இசக்கிமுத்து. வால்வைத் திருகிவிட்டு வந்து, குடம் எதையும் வைக்கவிடாமல் கொஞ்ச நேரம் தண்ணீரைச் சாக்கடையில் ஓடவிடுவார். கேட்டால், "துரு வரும்" என்பதோடு சரி. சித்திரை வெயிலில் பேச்சித்தாய்க்குப் பொறுக்கவில்லை.

"ஏன்யா, வீட்டுலயும் இப்படித்தான் பாதிச் சோத்தக் கொட்டிட்டு மிச்சத்தத் திங்கேரோ?"

தெரு முழுக்கச் சிரித்தது. பதினேழு வீடும் சேர்ந்து மனுக் கொடுத்தன. தண்ணீரை வீணாக்குவதாக இசக்கிமுத்துவுக்கு மேலே இருந்து ஏச்சு விழுந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு சொட்டும் கொட்டவில்லை. திறந்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குழாயடியில் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

வைகாசியில் பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுத்துப் போக தேவசகாயம் வந்தார். விதிப்படி வேலை செய்கிறவர். தண்ணீர் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் ஓடவிட்டார். அந்தத் தண்ணீரும் வீணாகவில்லை, வரிசையில் முதலில் இருந்த குடம் பிடித்துக்கொண்டது. பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் குழாயின் வாயைச் சுட்டு, புட்டியில் பிடித்து முத்திரை வைத்தார். பரிசோதனை முடிவு ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட்டது. 'குடிக்க உகந்தது.' கீழே அவர் கையெழுத்து.

முப்பிடாதி அதை நின்று வாசித்தாள்.

"தாள்லயே போட்டிருக்கு மைனி. இனி எதுக்குக் கொதிக்க வச்சிக்கிட்டு?" என்றாள் பேச்சித்தாயிடம்.

கொதிக்க வைப்பதை விட்ட பத்தாம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனது. கீழ் வரிசையில் இரண்டு பல் முளைத்திருந்த குழந்தை.

தெருவில் வேறு ஒருவருக்கும் வயிற்றுவலிகூட இல்லை. தேவசகாயம் மறுபடி வந்து, அதே மாதிரி ஓடவிட்டு, அதே மாதிரி சுட்டு எடுத்துப் போனார். மறுபடியும் 'உகந்தது' என்றே வந்தது. தண்ணீர் சுத்தம் என்றானதும், மிச்சமிருந்தது அம்மாவின் கை.

"பால் பாட்டிலக் கழுவத் தெரியாதவளுக்குப் பிள்ள ஒரு கேடா?" என்று புருஷன் வீட்டில் கேட்டார்கள். அவள் பாட்டிலை எடுத்து வந்து, எல்லோரும் பார்க்க, திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

குழந்தை போன எட்டாம் நாள் மூன்று பேர் அவள் வாசலுக்கு வந்தார்கள்.

"நான் எதுக்குக் கொட்டினேன்னு ஒருநாளும் சொல்லலம்மா" என்றார் இசக்கிமுத்து. "பழி எனக்கு."

பேச்சித்தாய் அவரையே பார்த்தாள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். "ஏளா, அந்த எடத்துல என் குடம்லா இருந்துச்சு. எடுத்து வச்சது இந்தக் கைதான். அவரக் கொட்டவிடாம வஞ்சதும் நான்தான்."

"என் கையெழுத்த நம்பித்தான நீ கொதிக்க வைக்கிறத விட்ட" என்றார் தேவசகாயம்.

முப்பிடாதி மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இப்போது சொல்லுங்கள். தாளில் எழுதியிருந்தது பொய் இல்லை. தாயின் கையில் அழுக்கு இல்லை. நோய் எந்த வழியாக வந்தது? மூவரும் கேட்கும் பழியை யாருக்குக் கொடுப்பீர்கள்?

விடை: நோய் முதல் குடத்தில் வந்தது. மூன்று நாள் காலியாகக் கிடக்கும் குழாய்க்குள், சாக்கடைக்கு அடியில் உள்ள விரிசல் வழியாகக் கழிவு இறங்கும். தண்ணீர் வரும்போது முதலில் தள்ளிக்கொண்டு வருவது அதைத்தான். மூன்று நிமிடத்தில் கழுவிப் போய்விடும். தேவசகாயத்தின் புட்டி பார்த்தது எப்போதும் நான்காவது நிமிடத்துத் தண்ணீரை. ஏன் மூன்று நிமிடம் என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை. பேச்சித்தாய் கொடுத்தது தன்னிடம் இருந்ததில் நல்லது என்று நினைத்ததை. இசக்கிமுத்துவுக்கு விரிசல் தெரியும். மேலே எழுதிக் கொடுத்திருந்தார் என்பதும் உண்மைதான். ஆனால் முப்பிடாதியின் வீடு குழாயிலிருந்து இருபது அடி. முதலில் நிற்பது யாருடைய குடம் என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டு நின்றார். பழியை அவருக்குத்தான் கொடுப்பேன். அடுத்த முறை தண்ணீர் வந்தபோது முதல் இடத்தில் யாரும் குடம் வைக்கவில்லை. தண்ணீர் கல்லில் விழுந்து சாக்கடைக்கு ஓடியது. வரிசையில் நின்ற யாரும் சத்தம் போடவில்லை.