நாலு பக்கச் சாபம்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்தேழு.

உலக வழக்கத்துக்கு இது தலைகீழ்தான். ஆனால் தொலைக்காட்சித் தொடர் எழுதுகிற இடத்தில் வயதை யார் பார்க்கிறார்கள்? திருச்சி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டும், மாதா கோயில் திருவிழாவுக்குச் சிரிப்பு நாடகம் எழுதிக்கொண்டும் இருந்தவர் இருதயராஜ். ஆறு வருடத்துக்கு முன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சென்னைக்கு வந்து ஜெயப்பிரபாவின் முன்னால் நின்றார். "குருவே" என்றுதான் கூப்பிட்டார், கிண்டலாக இல்லை. ஜெயப்பிரபா நாலைந்து தடவை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். பதிலுக்கு "அண்ணே" என்றார்.

ஜெயப்பிரபா எழுதியது 'கருங்கோட்டை'. பத்து வருடம் ஓடிய மாயாஜாலத் தொடர். சூனியக்காரி, தம்பியைக் கொல்லும் அண்ணன், ஊரையே எரிக்கும் அரசி என்று ஒரே இருட்டு, ஒரே ரத்தம். அதற்கு நடுவே, தொடங்கிய நாலாவது வாரத்தில், கோட்டை வாசலில் ஒரு காவல் பூதம் வந்து நின்றது. பெயர் உக்கிரன். கோபம் வந்தால் சபிக்கும். சாபம் ஒருநாளும் பலிக்காது. அவ்வளவு ரத்தத்துக்கு நடுவே அந்தக் கோமாளியை எதற்கு எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டாலும் குரு சொன்னதில்லை.

போன வருடம் கதையில் கோட்டை இடிந்தது, தொடரும் முடிந்தது. பூதத்தை மட்டும் மக்கள் விடவில்லை. சேனல்காரர்கள் அதை வைத்துத் தனியாக ஒரு சிரிப்புத் தொடர் கேட்டார்கள். பத்து எபிசோடு. 'உக்கிரன் வேலை தேடுகிறான்'. கோட்டை போய்விட்டதால் வேலையில்லாமல் அலைகிற பூதம், அம்பத்தூரில் ஒரு குடியிருப்பின் மோட்டார் ரூமுக்குக் காவல் இருக்கிறது. அவ்வளவுதான் கதை. எழுதுவதற்கு குரு இருதயராஜைக் கை காட்டினார். மேற்பார்வை மட்டும் தன்னுடையது என்றார். எந்த எபிசோடும் அவர் கையெழுத்து இல்லாமல் படப்பிடிப்புக்குப் போகாது.

ஐம்பத்தேழு வயதில் இருதயராஜின் பெயர் திரையில் தனியாக வந்தது.

வந்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டார்கள்.

யூடியூபில் ஒருவன், ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துப் பார்த்தேன், அப்போதும் நகரவில்லை என்றான். ஒரு நாளிதழ், 'காய்கறி நறுக்கிக்கொண்டே பார்க்கலாம்' என்று பாராட்டியது. அந்தப் பாராட்டுக்கே இருதயராஜ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் வந்தார் நீலமேகம். வார இதழில் இருபது வருடமாக விமர்சனம் எழுதுகிறவர். 'கருங்கோட்டை ஒரு காவியம். அது இடிந்தபோது செத்தவர்கள் பாக்கியசாலிகள், இந்தத் தொடரைப் பார்க்க வேண்டியதில்லை. குரு வளர்த்த குதிரையைச் சீடர் கழுதையாக்கி ஓட்டுகிறார். சிரிப்பு மட்டும் எங்கேயும் வரவில்லை.'

அந்தப் பக்கத்தை இருதயராஜ் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது. பேருந்தில் எடுத்துப் படித்தார். பூசையில் சாமியார் பிரசங்கம் பண்ணும்போது எடுத்துப் படித்தார். ஒவ்வொரு தடவையும் உடம்பு எரிந்தது. பிறகு உட்கார்ந்து பத்தாவது எபிசோடை எழுதினார்.

கடைசி எபிசோடு. அடுத்த சீசன் உண்டா இல்லையா என்பதை இதைப் பார்த்துத்தான் சேனல் முடிவு செய்யும். மறுநாள் காலை ஏழு மணிக்குப் படப்பிடிப்பு.

போரூர் தாண்டி ஒரு பழைய கல்யாண மண்டபத்தைத் தளமாக மாற்றியிருந்தார்கள். மணமகள் அறைதான் மேக்கப் ரூம். வாசலில் அந்த எழுத்து இன்னும் அழியவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, மேக்கப் போடும் பர்வீனும் உக்கிரனாக நடிக்கும் மாசிலாமணியும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். குரு நாற்காலியில் இருந்தார். இருதயராஜ் உள்ளே வந்து தாள்களை அவர் கையில் கொடுத்தார்.

குரு முழுவதும் படித்தார். படிக்கும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. அது இருதயராஜுக்குப் பழக்கம்தான். அன்றைக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

"யாருண்ணே இந்த நீலகண்டன்?"

"கதையில வர்ற ஆளு."

"கண்ணாடி, ஜோல்னாப் பை, வெத்தலை. பேர்ல பாதிய மாத்திட்டு மிச்சத்த அப்படியே விட்டுட்டீங்க."

"தெரியட்டும்னுதான் விட்டேன்."

"மோட்டார் ரூமுக்கு எதுக்கு வர்றாரு?"

"குறை சொல்லத்தான். வேற என்ன தெரியும் அவனுக்கு?"

"உக்கிரன் அவரைக் கழுதையாப் போகச் சபிக்குது. நாலு பக்கம் சாபம்."

"ஆமா."

"அவரு கழுதையாகிடறாரு."

"ஆகணும்."

குரு தாளைத் திருப்பினார். "மூணாவது எபிசோடுல வாடகை கேட்டவனைத் தவளையாப் போகச் சொல்லுச்சு. என்ன ஆச்சு?"

"அதோட வாலே பச்சையாச்சு."

"பத்து வருஷமாப் பலிக்காத சாபம் இன்னைக்கு எப்படிண்ணே பலிக்குது?"

"பலிக்கணும் குருவே."

"யாருக்கு?"

"எனக்கு!"

குரல் உயர்ந்துவிட்டது. பர்வீன் பவுடர் டப்பாவை மெல்ல மூடினாள். இருதயராஜுக்கு நிறுத்த முடியவில்லை.

"எத்தனை பேரு வேலை பார்த்தோம்? இந்த மாசிலாமணி ரெண்டு மணி நேரம் ரப்பருக்குள்ள வெந்து சாகறான். அந்தாளு கால் மேல கால் போட்டு ஒரு வரி எழுதிட்டுப் போறான். கழுதையாம். நான் ஓட்டறது கழுதையாம்! நீங்களும் ஒரு வார்த்தை பேசல. எனக்காக ஒரே ஒரு வரி எங்கயாவது எழுதியிருப்பீங்களா? இதுல ஒரு வரி குறைஞ்சாலும் என் பேரை எடுத்துடுங்க. எனக்கு வேணாம்."

குரு பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். பிறகு பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டு, மூலையில் ஸ்டாண்டில் இருந்த உக்கிரனின் ரப்பர் தலையைக் காட்டினார்.

"மாட்டிக்கிட்டு வாசிங்க."

"நானா?"

"சாபத்தை மட்டும். மனசுல எப்படி இருக்கோ அப்படி."

ஒன்பது எபிசோடு எழுதியவர் ஒருநாளும் அந்தத் தலையை மாட்டிப் பார்த்ததில்லை. எழுதுவது வேறு அறையில். உக்கிரனின் குரலைக் கேட்பது டப்பிங் தியேட்டரில், யாரோ ஒருவர் குளிர்சாதன அறையில் நின்று பேசியது. தலையின் எடை எவ்வளவு என்றுகூட அவருக்குத் தெரியாது. மாசிலாமணி தூக்கி வந்து மாட்டினான். கழுத்து ஒரு அங்குலம் உள்ளே போனது. உள்ளே பசை வாடையும் பழைய வியர்வை வாடையும் அடித்தது. பார்ப்பதற்கு இருந்தது பூதத்தின் இரண்டு மூக்குத் துவாரம்தான்.

சாபம் மனப்பாடம். தாள் தேவைப்படவில்லை.

"அடேய் நீலகண்டா!" என்று ஆரம்பித்தார்.

உள்ளே இடி இடித்தது. தன் குரலா அது என்று அவருக்கே ஒரு நிமிடம் புல்லரித்தது. அடுத்த வரி இன்னும் உரக்கப் போனார். இருபது வருடம் பிறர் உழைப்பின் மேல் வெற்றிலைச் சாறு துப்பியவனே என்றார். சிரிக்கத் தெரியாத வாயால் சிரிப்பை அளந்தவனே என்றார். எட்டுத் திசையையும் கூப்பிட்டார், ஏழு கடலையும் கூப்பிட்டார். காலால் தரையை உதைத்தார். கையை வீசினார், எதுவோ கீழே விழுந்தது. ஒரு வாரத்துக் கோபம் முழுவதும் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. காது இரண்டும் கிழிவதுபோல் இருந்தது.

மூக்குத் துவாரம் வழியாகப் பார்த்தார். பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மாசிலாமணி சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்தான்.

அழுகிறார்கள் என்று நினைத்தார் இருதயராஜ். அதே உருக்கத்தோடு கடைசி வரியைச் சொல்லி முடித்து, இரண்டு கையாலும் தலையைக் கழற்றினார்.

அறையில் சிரிப்பு.

பர்வீன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாசிலாமணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன சிரிப்பு?" என்று கத்தினார் இருதயராஜ். முகம் வியர்வையில் நனைந்திருந்தது. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. "என்ன சிரிப்பு இதுல?"

"கொம்பு சார்," என்றாள் பர்வீன். மேலே பேச முடியவில்லை அவளுக்கு.

"கொம்பா?"

"நீங்க கத்தக் கத்த ரெண்டும் இப்படி இப்படி ஆடுது சார். வலது கொம்பு ட்யூப்லைட்ல இடிச்சுது பாருங்க, அப்ப நின்னுச்சு, மறுபடியும் ஆடுச்சு."

"வசனம்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன வசனம் சார்?" என்றான் மாசிலாமணி. "தலைக்குள்ள பேசினா வெளியில ஒண்ணும் கேக்காது. உம் உம்முனு ஏதோ வரும், அவ்வளவுதான். நான் உள்ள பேசறதே இல்ல. கொம்பைத்தான் ஆட்டுவேன்."

"நாலு பக்கம்டா!"

"ஒரு வார்த்தை கேக்கல சார். சத்தியமா."

இருதயராஜ் குருவின் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்."

பர்வீனும் மாசிலாமணியும் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. டீ குடித்து வருவதாகச் சொல்லிவிட்டு நழுவினார்கள். இருதயராஜ் ஒரு காலத்தில் மணப்பெண்கள் உட்கார்ந்த ஒரு ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். ரப்பர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவமானமும் கோபமும் ஒன்றாகச் சேர்ந்து எது எது என்று தெரியவில்லை.

"உங்களுக்கு இது எங்க புரியும்?" என்றார். "பதினோரு வருஷமா உங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடறாங்க. காவியம்னு அந்தாளே எழுதறான். அடி வாங்கினவனுக்குத்தான் வலி தெரியும்."

குரு ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்:

"'அரச கதை என்றார்கள். பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு வேலை பார்த்திருப்பேன். இதை எழுதிய பெண்ணுக்கு யாராவது ஒரு நல்ல மாப்பிள்ளையாகப் பார்த்துக் கட்டி வைத்தால் தமிழ்நாடு தப்பிக்கும்.'"

"என்ன இது?"

"கருங்கோட்டை மூணாவது வாரம் வந்தது. நீங்க அப்ப திருச்சியில டிக்கெட் குடுத்துட்டு இருந்தீங்க."

"எந்தப் படுபாவி எழுதினான்?"

"நீலமேகம்."

இருதயராஜ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். மடித்த தாள் அங்கேதான் இருந்தது. வியர்வையில் நனைந்திருந்தது.

"அதே ஆளா? காவியம்னு எழுதினவனா?"

"அதே ஆளு."

"ஒரு எழுத்து விடாமச் சொல்றீங்க."

"விடல."

"கோபம் போயிடுச்சா?"

"எங்க போச்சு?" என்றார் குரு. "அந்தக் கடைசி வரிய நினைச்சா இப்பவும் எதையாவது தூக்கி அடிக்கணும் போலத்தான் இருக்கு."

அவர் குரல் அப்படி நடுங்கி இருதயராஜ் கேட்டதில்லை. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை.

குரு எழுந்து வந்தார். நாலு பக்கத்தையும் மூடி கழற்றிய பேனாவையும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் மேஜையில் வைத்தார்.

"நான் ஒரு வரியும் அடிக்கல. இப்படியே போகட்டும்னு சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன். காலையில எடுத்துடலாம்."

இருதயராஜ் தாளைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். எதையும் தொடவில்லை.

"குருவே, நீங்க அன்னைக்கு அவனுக்கு என்ன பதில் எழுதினீங்க?"

"நானும் முதல்ல நாலு பக்கம் எழுதினேன். உங்களோடத விட நல்ல சாபம்."

"எங்க அது?"

"கிழிச்சிட்டேன். நாலாவது வாரத்துக்கு வேற எழுதினேன்."

"என்ன எழுதினீங்க?"

குரு அவரைப் பார்த்தார்.

"மடியில வெச்சிருக்கீங்களே, அண்ணே."