ராஜா பார்த்த ஐந்து கூத்து

நெடுங்குன்றத்தை ஆண்ட குமாரபூபதி ராஜாவுக்கு நாட்டைப் பற்றிய கவலை இருந்ததோ இல்லையோ, சாயங்காலத்தைப் பற்றிய கவலை நிறைய இருந்தது. சாப்பாடு ஆனதும் என்ன பார்ப்பது? இந்த ஒரு கேள்விக்காகவே அரண்மனைத் தோட்டத்தில் ஐந்து மண்டபம் கட்டி, ஐந்து கூட்டத்தைக் குடிவைத்திருந்தார். தெருக்கூத்து, பாவைக்கூத்து, வில்லுப்பாட்டு, கதாகாலட்சேபம், கண்கட்டு வித்தை. ராஜா பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மாதம் பிறந்தால் களஞ்சியத்திலிருந்து எல்லோருக்கும் நெல் போய்விடும்.

ஏற்பாடு அமைச்சர் சங்கரமூர்த்தியுடையது. ஆசாமி லேசுப்பட்டவர் இல்லை. ஒரு கூட்டத்தை நிறுத்த வேண்டுமா? அமாவாசையன்று பொழுது விடியுமுன் ராஜாவே மண்டபத்துக்கு நடந்து போய் "போதும்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த மாதமும் தானாகத் தொடரும். ராஜா விடியற்காலை என்ற ஒன்றைக் கண்ணால் கண்டதே இல்லை என்பது ஊரறிந்த சங்கதி. போகிற நெல்லில் ஒரு பங்கு அமைச்சர் வீட்டுக்குத் திரும்பி வருவதும் ஊரறிந்ததுதான். வாய்திறக்கத்தான் ஆளில்லை.

கடைசியில் ராணி பிடித்துக்கொண்டாள். களஞ்சியத்தில் பாதி கூத்துக்கே போகிறது, பார்க்காததை நிறுத்துங்கள் என்று ஒரே பிடிவாதம். ராஜாவுக்கோ எதை நிறுத்துவது என்று புரியவில்லை. ஐந்தும் வேண்டும்போலத்தான் இருந்தது. தன் தலைவலியை அடுத்தவர் தலைக்கு மாற்றுவதில் ராஜாக்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. சபையில் பேச்சுத் துணைக்கென்று இருந்த சேவுகனைக் கூப்பிட்டார்.

"சேவுகா, ஒரு மாதத்தில் எதை நிறுத்தலாமென்று நீ சொல்ல வேண்டும். நீ நிறுத்தச் சொன்னதை நான் பிறகு ஒருநாள் தேடினாலும் நீ குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். எதையும் நிறுத்தாவிட்டால் ராணி என்னை விடமாட்டாள். அப்போதும் நீதான் போகவேண்டும்."

நல்ல நியாயம். சேவுகனுக்கு அப்போதுதான் வீட்டுக்குக் கூரை போட்டு முடிந்திருந்தது. மனைவி கையில் குழந்தை. எங்கே போவான்? அன்று சாயங்காலம் ராஜா பக்கத்திலேயே உட்கார்ந்து நடப்பதைக் கவனித்தான்.

அன்றன்றைய ஆட்டத்தை அறிவிக்கும் கட்டியக்காரர் வந்து கும்பிட்டார். எந்த மண்டபத்தில் இன்று என்ன கதை, யார் யார் வேஷம் என்று நீட்டி முழக்கிச் சொன்னார். ராஜா திண்டில் சாய்ந்தபடி கேட்டார். கூத்து நீளமாயிருக்குமே என்றார். பாவையா, நேற்றுத்தானே அதைப் பற்றி யோசித்தோம் என்றார். வில்லுப்பாட்டை இன்னொரு தரம் சொல்லும் என்றார். கட்டியக்காரர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நாலாவது மண்டபத்துக்கு வருவதற்குள் ராஜா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

சேவுகன் நேரே தோட்டத்துக்குப் போனான். ஐந்து மண்டபத்திலும் விளக்கு எரிந்தது. வேஷம் கட்டியவர்கள் கிரீடத்தைக் கழற்றிவைத்துவிட்டுத் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கூத்து வாத்தியாரிடம் விசாரித்தான். நெல் வருகிறது, குறையில்லை, ஆனால் ஒருத்தர் எதிரே உட்கார்ந்து பார்த்து வெகுநாளாகிறது என்று அவர் சொன்னார். வெளியூர்களில் திருவிழாக் காலம், போய் ஆடுகிறீர்களா என்று சேவுகன் கேட்டான். கேட்டதுதான் தாமதம், ஐந்து கூட்டமும் மூட்டை கட்டிவிட்டது. ஒரே ஒரு மத்தளக்காரர் மட்டும் தங்கினார். அவர் வேலை, சாயங்காலம் ஐந்து மண்டபத்திலும் விளக்கேற்றி, அரண்மனைக்குக் கேட்கும்படி மண்டபத்துக்கொரு தட்டுத் தட்டிவிட்டு வருவது. கட்டியக்காரரிடம், நீங்கள் வழக்கம்போலச் சொல்லுங்கள், பழி என்னுடையது என்று கேட்டுக்கொண்டான்.

மாதம் நகர்ந்தது. ஒருநாள் மட்டும் சேவுகனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ராஜா திடீரென்று எழுந்து, பாவைக்கூத்துக்கே போவோம் என்று செருப்பை மாட்டிவிட்டார். வாசல்வரை போயாயிற்று. சேவுகன் முன்னால் ஓடி நின்று, "கண்கட்டு வித்தையிலும் இன்று ஏதோ புதுசு என்றாரே கட்டியக்காரர், மகாராஜா" என்றான். ராஜா நின்றார். அப்படியா, அதையும் கேட்டுவிடுவோம் என்று திரும்பிவந்து சாய்ந்தார். அவ்வளவுதான், குறட்டை.

தவணை முடிந்தது. சபை கூடியது. ராணியும் வந்து உட்கார்ந்தாள். சேவுகன் முதலில் அமைச்சரின் அபிப்பிராயத்தைக் கேட்டான். அவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"எதையும் நிறுத்தக் கூடாது, மகாராஜா. நேற்றுக்கூடப் பாவைக்கூத்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை."

ராஜாவும் தலையாட்டினார். ஆமாம், இந்த மாதம் ஐந்துமே ஒன்றுக்கொன்று சளைக்காமல் இருந்தது என்றார்.

"மகாராஜா, ஐந்து கூட்டமும் ஊரைவிட்டுப் போய் ஒரு மாதமாகிறது" என்றான் சேவுகன். "மண்டபத்தில் விளக்கைத் தவிர யாருமில்லை."

அமைச்சர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். ராஜாவின் முகம் சிவந்தது.

"அப்படியானால் தினமும் நான் என்னத்தைப் பார்த்தேன்?"

"எதைப் பார்க்கலாம் என்று பார்த்தீர்கள், மகாராஜா. அதில் ஒருநாள்கூடத் தவறவில்லை. கூத்துகள் ஐந்தையும் நிறுத்திவிடலாம். கட்டியக்காரரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவர் இல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது."

ராணிதான் முதலில் சிரித்தாள். ராஜா அவளைப் பார்த்தார், சேவுகனைப் பார்த்தார், பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை. தொந்தி குலுங்கச் சிரித்து, தன் தோளிலிருந்த சால்வையையே சேவுகனுக்குப் போர்த்தி, நீ எங்கேயும் போக வேண்டாம், புது வீட்டுக்கு மதில் நான் கட்டித் தருகிறேன் என்றார்.

சந்தடிசாக்கில் நழுவப் பார்த்த அமைச்சரை ராணி நிறுத்தினாள். இவருக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று ராஜாவைக் கேட்டாள்.

"அமைச்சர் பதவியிலேயே இருக்கட்டும்" என்றார் ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இல்லாத கூத்தைக் கண்குளிரப் பார்க்கிறவர், இனிமேல் இல்லாத சம்பளத்தைக் கைநிறைய வாங்கிக்கொண்டு போகட்டும்."