தாளாளர் அடித்த பந்து

முந்தைய சீசன் முழுக்க அந்தக் கல்லூரிக் கால்பந்து அணி கோல் வாங்கியே ஓய்ந்திருந்தது. தாளாளர் பொன்னம்பலத்துக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. புது சீசன் தொடக்க விழாவில் மைக்கைப் பிடித்தார்.

"இந்த வருஷம் நம்ம வலைக்குள்ள ஒரு பந்து போகக் கூடாது. போச்சுன்னா அன்னைக்கே அணியைக் கலைச்சிருவேன்."

அணி கலைந்தால் ஆட்டக்காரர்களுக்கு விடுதியில் கிடைக்கும் இலவசச் சோறு நின்றுவிடும். கோல்கீப்பர் கஸ்பார் படிப்பை விட்டு அப்பாவோடு கடலுக்குப் போக வேண்டியதுதான்.

"சரிங்கய்யா," என்றான் கஸ்பார்.

அடுத்தது வருஷா வருஷம் நடக்கும் மரியாதை. தாளாளர் முதல் பந்தை அடிப்பார். கீப்பர் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் விழுவான். பந்து வலைக்குள் போவதைப் போட்டோ எடுப்பார்கள்.

தாளாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடித்தார். கஸ்பார் குனிந்து பந்தை எடுத்துப் பணிவாகத் திருப்பிக் கொடுத்தான். மறுபடி அடித்தார். மறுபடி பிடித்தான். கூட்டம் சிரிக்கத் தொடங்கியது.

"ஏலே, விடுலே," என்று பல்லைக் கடித்தார் தாளாளர்.

"விட்டா அணி கலைஞ்சிருமேய்யா. இப்பத்தான மைக்குல சொன்னீங்க."

போட்டோக்காரர் கேமராவை இறக்கவில்லை. தாளாளர் வேறு வழியில்லாமல் மைக்கை வரவழைத்து, "கோல் போனாலும் அணி இருக்கும்," என்று முனகினார்.

"பின்னாடி கேக்கலைங்கய்யா," என்றான் கஸ்பார்.

உரக்கச் சொல்லிவிட்டு வந்து அடித்தார். பந்து கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. எதிர்ப்பக்கம் விழுகிற சாக்கில் கஸ்பார் அதைக் குதிகாலால் உள்ளே தள்ளிவிட்டான்.

அந்த சீசனிலும் அணி வாங்கிய கோலுக்குக் குறைவில்லை. தாளாளர் திட்ட வரும்போதெல்லாம் கஸ்பார் கைகட்டி நின்று, "முதல் கோல் ஐயாவோடதுதானே," என்பான்.