பால் மட்டும் காய்ச்சிய அடுப்பு

தாராபுரம் பக்கம் ஒரு சின்ன மடம் இருந்தது. அதற்குக் குரு ஒரு அம்மையார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் அவரைத் தாயே என்று கூப்பிடுவார்கள். அவர் அவர்களை அண்ணா, அக்கா என்பார். கோபம் வந்தால் மட்டும் அண்ணா போய் ஐயா வரும். மரியாதை கூடக் கூடக் கோபமும் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு சித்திரை மாதக் காலையில் நாச்சிமுத்து வந்தார். காங்கேயத்தில் தேங்காய் உலர்த்தும் களம் வைத்திருக்கிறவர். வந்த வேகத்தில் செருப்பை ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகக் கழற்றினார்.

"தாயே, நியாயம் கேக்க வந்திருக்கறனுங்க."

"யார் மேலண்ணா?"

"எம் பொண்டாட்டி மேல."

தை மாதம்தான் புது வீட்டுக்குக் குடி போனார்கள். போன வாரம் அவர் மனைவி பாவாயி அடுப்புக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். எழுந்தவர் துணிப்பையை எடுத்துக்கொண்டு வெள்ளக்கோவிலில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். இனி அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று ஒரே பேச்சு.

"ஊரே வந்து போட்டோ எடுத்துட்டுப் போகுதுங்க. இன்டீரியர் பண்ணின தம்பி வீடியோ போட்டாரு. அதைப் பாத்துட்டுக் கோயமுத்தூர்ல இருந்து ஆள் வருது. இவளுக்கு மட்டும் ஆகல! என்ன சொல்லி நான் அவளைக் கூப்பிடறது? நீங்களே சொல்லுங்க."

அம்மையார் சொன்னார்:

"நாளைக்கு மத்தியானம் உங்க வீட்டுல சாப்பிடறேன். அரிசிம்பருப்பு சாதம் செய்யுங்க. நீங்களே செய்யணும்."

"அதுக்கென்னங்க தாயே," என்றார் நாச்சிமுத்து. களத்து ஆட்களுக்கு எத்தனையோ நாள் ஆக்கிப் போட்டவர்.

மறுநாள் அவர் வீட்டைச் சுற்றிக் காட்டினார். கூரைக்குக் கீழே இன்னொரு கூரை, அதற்குள் ஒளிந்துகொண்டு விளக்குகள். கைப்பிடியே இல்லாத அலமாரிகள், தள்ளினால் திறந்தன. சுவர், சோபா, திரைச்சீலை எல்லாம் சாம்பல் நிறம். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் சுவர் கிடையாது. அலமாரிப் பலகையில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு.

அம்மையார் பலகையில் கை வைத்தார்.

"ரேகை விழுமுங்க தாயே." நாச்சிமுத்து தோள் துண்டை எடுத்துத் துடைத்தார்.

"கரண்டி எங்கண்ணா?"

"உள்ளதானுங்க. வெளிய மாட்டக் கூடாது."

"உப்பு, புளி?"

"அதுவும் உள்ள. ஹால்ல உக்காந்து பாத்தா ஒண்ணும் கண்ணுல படக் கூடாதுன்னு இன்டீரியர் தம்பி சொல்லிட்டாருங்க. இப்ப எல்லா வீட்டுலயும் அப்படித்தான்."

"சமைக்கறவங்களும் படக் கூடாதா?"

நாச்சிமுத்து சிரித்தார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தார்.

கண்ணாடி போட்ட நான்கு பர்னர் அடுப்பு. அதற்கு மேலே சிம்னி. ஒட்டி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"இதுல சமைக்கறதில்லையா?"

"குடி வந்த அன்னைக்குப் பால் காய்ச்சினதோட சரிங்க. தாளிச்சா எண்ணெய் தெறிக்கும், பலகை மங்கிப் போயிரும். சமையலெல்லாம் பின்னாடி."

பின்னாடி, வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் இடையில் ஒரு தகர ஷெட். ஒரு ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கும். காற்றாடி இல்லை, போட்டால் அடுப்பு அணைகிறதாம். ஹால் ஏசியின் வெளிப்பெட்டியும் அங்கேதான் மாட்டியிருந்தது. வீட்டுக்குள் இருந்த சூட்டையெல்லாம் இழுத்து, அடுப்படியில் நிற்கிறவர் முதுகில் ஊதிக்கொண்டிருந்தது.

"அக்கா விழுந்தது இங்கயா?"

"இங்கதானுங்க."

அம்மையார் அந்தப் பெட்டிக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாக் கட்டியிருக்கீங்க, நாச்சிமுத்து ஐயா. நீங்க சமையலைப் பாருங்க. நான் உள்ள ஏசியில உக்காந்துக்கறனுங்க."

ஐயா வந்ததை நாச்சிமுத்து கவனிக்கவில்லை.

குக்கர் அடுப்பில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் இருந்து குரல் வந்தது.

"தாயே! அந்த ஏசியைச் செத்த நேரம் நிறுத்தறீங்களா?"

"ஏனுங்க ஐயா?"

"நிக்க முடியலீங்க. வேகுது."

"பாவாயியக்கா இப்படி எப்பவாவது கேட்டிருக்காங்களா?"

"ஒருக்காக் கேட்டா."

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

பின்பக்கம் குக்கர் விசில் விட்டது.

நாச்சிமுத்து உள்ளே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாத்திரத்தை மேடையில் வைத்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"உக்காந்து சாப்பிடலாமுங்களா ஐயா?"

"எனக்கு வேண்டாமுங்க. சோத்தைப் பாக்கவே முடியல."

அம்மையார் எழுந்தார். "மோருக்குத் தாளிக்கணும்" என்று சிம்னியின் உறையைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழித்தார். அடுப்பைப் பற்றவைத்து இரும்புக் கரண்டியை வைத்தார். எண்ணெய் ஊற்றினார்.

நாச்சிமுத்து பதறிப் போனார். "தாயே, இங்க வேண்டாமுங்க! நான் பின்னாடி போய்த் தாளிச்சுட்டு வந்தர்றேன்!"

"போங்க ஐயா."

அவர் பின்கதவைப் பார்த்தார். கால் நகரவில்லை.

"அப்பப் போனை எடுங்க. அக்காவைக் கூப்பிடுங்க."

"என்னன்னு சொல்றதுங்க?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஸ்பீக்கரைப் போட்டு இந்த மேடையில வைங்க."

மணி அடித்தது. "சொல்லுங்க," என்றார் பாவாயி. குரலில் ஈரமே இல்லை.

அம்மையார் சிம்னியைப் போட்டார். காய்ந்த எண்ணெயில் ஒரு கை கடுகை அள்ளி விட்டார்.

"என்ன சத்தம் அது?" என்றார் பாவாயி.

"கடுகு," என்றார் நாச்சிமுத்து.

"கடுகுன்னு தெரியாதா எனக்கு? கூடவே உறுமுதே, அது?"

"சிம்னி."

பாவாயியின் குரல் இறங்கியது. "உள்ளயா? யாரு?"

"மடத்துத் தாய் வந்திருக்காங்க. அவங்கதான்."

"ஐயோ! பலகையெல்லாம் தெறிச்சிருக்குமே! ஏனுங்க, நின்னுட்டு இருக்காதீங்க, சட்டுனு துடைங்க! காஞ்சா போகவே போகாது, என்னத்தான் வைவீங்க…"

சாம்பல் பலகையில் எண்ணெய் புள்ளி புள்ளியாக வழிந்தது. நாச்சிமுத்துவின் கை தானாகத் தோள் துண்டுக்குப் போனது.

அம்மையார் துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கண்ணா. அக்கா வந்து பாக்கற வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்."