சங்கு குத்திய காது

"ஆவுடை! மதிலோரம் திரிகிற அந்த நாதியற்ற முயல்களை எல்லாம் பிடித்துச் சமையல்கட்டில் கொடு. மாலைக்குள் கறியாக வேண்டும்!"

மன்னர் மகரகேது போட்ட கத்தலில் சபையே நடுங்கியது.

விஷயம் இதுதான். இளவரசி அல்லிக்குப் பிறந்தநாள். முயல் வேண்டுமாம். முயல் வளர்த்து விற்கும் கனகசபை கூடையோடு வந்து நின்றான். வந்தவன் சும்மா இருந்தானா? "அந்தக் கழிசடைகள் இருக்கிறவரை என் குட்டிகளுக்கு நோய்தான், மன்னா" என்று போட்டுக்கொடுத்துவிட்டான்.

அந்தக் கழிசடைகளுக்குத் தினமும் கீரை போட்டுக் காப்பாற்றுகிறவனே ஆவுடையப்பன்தான். சபையில் வாய்த்துடுக்குக்காரன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"ஆகட்டும் மன்னா. அதற்கு முன் ஒரு சந்தேகம். எது உசத்தி முயல் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

கனகசபை நெஞ்சை நிமிர்த்தினான். "என் குட்டி ஒவ்வொன்றுக்கும் காதுக்குள் சங்கு பச்சை குத்துவேன். வேறு யாரிடமும் அந்த முத்திரை கிடையாது!"

ஆவுடை வெளியே ஓடினான். அழுக்கான ஒரு குண்டு முயலோடு திரும்பினான். "இது எப்படி?"

கனகசபை மூக்கைப் பொத்தினான். "சீ! வம்சம் தெரியாத பிறவி. இதையா அரண்மனைக்குள் கொண்டுவருவது?"

ஆவுடை முயலின் காதை மடக்கிக் காட்டினான். உள்ளே பச்சைச் சங்கு.

மந்திரிகள் எல்லோரும் திடீரென்று கூரையைப் பார்த்தார்கள். பார்க்காமல்? போன வருடம் இளவரசி முயல் வாங்கினாள் என்று அவர்களும் வீட்டுக்கொன்று வாங்கினார்கள். குட்டி வளர்ந்தது. பட்டுத்துணியைக் கடித்தது. மதிலுக்கு வெளியே போய் விழுந்தது.

"அப்பா, இது என் பஞ்சு!" என்று அல்லி பாய்ந்து வாங்கிக்கொண்டாள். "ஓடிப்போச்சுன்னு சொன்னீங்களே?"

மன்னர் இருமினார். ரொம்ப நேரம் இருமினார். "சரி சரி. ஆவுடை, முயலை எங்கேதான் வாங்குவது? இவனிடமா, மதிலோரத்திலா?"

"இரண்டும் ஒரே கடைதான் மன்னா. முன்வாசலில் இவர் விற்கிறார், பின்வாசலில் நாம் விரட்டுகிறோம். பின்வாசலில் எடுத்தால் ஒரு வசதி. எதைக் கடிக்கும் என்று முன்னாலேயே தெரியும்."

மன்னர் சிரித்தார். வேறு என்ன செய்வார்? மோதிரத்தைக் கழற்றி ஆவுடையிடம் கொடுத்தார். கனகசபை கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான். பஞ்சு அதற்குள் அல்லியின் பாவாடை ஓரத்தைக் கடிக்க ஆரம்பித்திருந்தது.

சமையல்காரர் மட்டும் மிளகை அரைத்து வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை வாசலையே பார்த்தார். ஆவுடை வரவே இல்லை.